கரகம் நிறையும் கரை: சென்னை மேற்கின் நீர் வழிபாட்டு முறைகள்

தொண்டை மண்டலத்தில் வற்றாத ஆறு கிடையாது. பாலாறு, கொசத்தலையாறு, ஆரணியாறு, கூவம் எல்லாம் மழை பெய்தால் ஓடும், மழை நின்றால் மணலாகிக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் விழும் மழையைப் பிடித்து வைத்து ஆண்டு முழுக்கப் பயிருக்கும் மாட்டுக்கும் மனிதருக்கும் பங்கிட்டுக் கொடுக்க இந்த மண்ணின் மக்கள் கண்ட வழி ஏரி. அம்பத்தூர், கொரட்டூர், அயப்பாக்கம், அயனம்பாக்கம், பருத்திப்பட்டு, திருநின்றவூர், போரூர், செம்பரம்பாக்கம் என்று நம் வட்டாரத்து ஊர்ப்பெயர்களைச் சொன்னாலே ஏரிகளின் வரிசை வந்துவிடும். அம்பத்தூர் ஏரி நிறைந்து வழிந்தால் அந்த நீர் கொரட்டூருக்குப் போகும். கொரட்டூர் நிறைந்தால் மாதவரம் இரட்டை ஏரிக்கு. பெரிய ஏரிக்குப் போகும் வழியில் சித்தேரி, தாங்கல், குட்டை என்று சின்ன நீர்நிலைகளும் உண்டு.

இப்படிப்பட்ட நாட்டில் நீர் வழிபாடு என்பது பெரும்பாலும் ஓடும் நீரைக் கும்பிடுவதாக இல்லை. தேங்கிய நீரையும், அதைத் தாங்கும் கரையையும், திறக்கும் மதகையும், வழியும் கலங்கலையும் கும்பிடுவதாகவே அது வளர்ந்தது. கிராமத்து அம்மன் முறை, ஏரிக்கரைக் கன்னிமார் முறை, இருளர் முறை, ஆகமக் கோயில் முறை, காவிரிக்கரையிலிருந்து குடிபெயர்ந்து வந்த முறை, மழை வேண்டும் முறை எனப் பல மரபுகள் இங்கே அருகருகே வாழ்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டுப்பாடு, தனி இசை, தனிப் படையல். ஆனாலும் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒரே உரைகல் தெரிகிறது. சடங்குக்கான நீர் எந்த நீர்நிலையிலிருந்து வருகிறது, அந்த நீர்நிலைக்கு ஊர் நடந்து போகிறதா? ஒரு விழா முறையாக நடந்ததா இல்லையா என்பதை இந்தக் கேள்விதான் தீர்மானிக்கிறது.

முதலில் கரகம். நம் பக்கத்தில் ஆடி பிறந்தால் மாரியம்மன், கங்கையம்மன், பொன்னியம்மன், செல்லியம்மன், எல்லையம்மன் என எந்த அம்மன் கோயிலாக இருந்தாலும் காப்புக் கட்டி, கூழ் வார்த்து, கரகம் எடுப்பார்கள். வெளியூரார் கண்ணுக்கு முதலில் படுவது கூழ். கேழ்வரகும் நொய்யும் சேர்த்துக் காய்ச்சி, முருங்கைக் கீரையும் கருவாட்டுக் குழம்பும் பக்கத்தில் வைத்து ஊருக்கே வார்க்கும் அந்தக் கூழ் பெரிய விஷயம்தான். ஆனால் விழாவின் உயிர் கரகத்தில் இருக்கிறது. கருவறையில் அம்மன் சிலை ஆண்டு முழுவதும் இருக்கிறது. அபிஷேகமும் தீபாராதனையும் தவறாமல் நடக்கின்றன. இருந்தும் திருவிழா என்று வந்தால் அந்தச் சிலை போதாது என்று நம் முன்னோர் கருதினார்கள். அம்மனின் சக்தியை நீர்நிலையிலிருந்து புதிதாக அழைத்து வரவேண்டும் என்றார்கள். கல்லில் இருப்பவள் நீரிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் எழுந்து வருகிறாள் என்பதுதான் சக்திக் கரகத்தின் உட்பொருள். கிராம தெய்வ வழிபாட்டை விவரமில்லாத வழிபாடு என்று ஒதுக்கியவர்கள் இந்த நுட்பத்தைப் பார்க்கவே இல்லை.

முறை இதுதான். கரகம் எடுக்கும் பூசாரி காப்புக் கட்டிய நாளிலிருந்து விரதம். குறித்த நாளில் பம்பை, உடுக்கை, சிலம்பு சகிதம் ஊரார் ஏரிக்கரைக்கோ குளத்தங்கரைக்கோ போவார்கள். பூசாரி நீரில் இறங்கி முழுகி, குடத்தில் நீர் மொண்டு வருவார். மஞ்சள், காசு, எலுமிச்சம்பழம் உள்ளே போகும். வாயில் வேப்பிலை. மேலே பூவைக் கூம்பாகக் கட்டிக் கரகம் ஜோடிப்பார்கள். இதற்குள் பம்பைக்காரர் அம்மன் வர்ணிப்பைத் தொடங்கியிருப்பார். அவள் பிறந்த கதை, அவள் குடியிருக்கும் ஊர்கள், அவளுக்குப் பிடித்த பூ எனச் சொல்லிச் சொல்லி அழைப்பார். அருள் வந்து பூசாரி எழுந்தால்தான் கரகம் தலைக்கு ஏறும். ஏறிய பிறகு கை படக்கூடாது. வழியெங்கும் வீட்டு வாசலில் பெண்கள் குடத்தோடு காத்திருந்து, கரகம் சுமப்பவர் காலில் மஞ்சள் நீர் ஊற்றுவார்கள். விழா முடிந்ததும் கரகத்தைக் கலைத்து நீரை நீரிலேயே விடுவார்கள். எடுத்த இடத்துக்கே திரும்பக் கொடுப்பது கடைசி விதி.

ஊர்ப் பெரியவர்கள் ஒரு கரகத்தை எடைபோடும் விதத்தைக் கவனித்தால் இந்த மரபின் தரம் என்னவென்று விளங்கும். பூ அலங்காரத்தின் உயரத்தை அவர்கள் பெரிதாக நினைப்பதில்லை. எங்கே ஜோடித்தார்கள், தண்ணீர் எங்கே மொண்டார்கள், வர்ணிப்பு முழுதாகப் பாடப்பட்டதா, கரகம் தலையில் நின்றதா, கடைசியில் எங்கே விட்டார்கள் என்றுதான் கேட்பார்கள். பம்பைக்காரர் தெரிந்தவராக இருக்கவேண்டும் என்பதிலும் விட்டுக்கொடுக்கமாட்டார்கள். வர்ணிப்பைச் சுருக்கி இரண்டு சினிமா மெட்டைத் தட்டினால் இளைஞர்கள் ஆடுவார்கள், அருள் வராது. பம்பையும் உடுக்கையும் கற்ற கலைஞர்களுக்கு விழாக் கமிட்டிகள் கொடுக்கும் தொகை, ஒலிபெருக்கிக்குக் கொடுப்பதைவிடக் குறைவாக இருக்கும் ஊர்களை நான் அறிவேன். அது மாறவேண்டும்.

இந்த அம்மன்களில் கங்கையம்மனைத் தனியாகச் சொல்லவேண்டும். சென்னையைச் சுற்றிய பழைய கிராமங்களில் இவள் கோயில் இல்லாத இடம் குறைவு. மேற்கேயும் வடக்கேயும் போகப் போக இவள் பெருமை இன்னும் கூடுகிறது. குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி முதல் நாளில் நடக்கிறது. திருப்பதியில் கங்கம்மா ஜாத்திரை. தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் நிலம் முழுவதும் ஒரே தாய் நீரின் பெயரில் ஆட்சி செய்கிறாள். நம் வட்டாரத்துக்காரர்கள் வேண்டுதலோடு போகும் பெரியபாளையத்துப் பவானியம்மனும் ஆரணியாற்றங்கரைக்காரிதான். ஆற்றில் முழுகி, வேப்பஞ்சேலை உடுத்தி, ஈரத்தோடு கோயிலைச் சுற்றுவது அங்கே மரபு. ஆற்றில் நீர் ஓடாத ஆடி மாதங்களில் குழாயடியில் குளித்துவிட்டு அந்த வேண்டுதலை முடிக்கிறார்கள்.

அம்மன் கோயில் ஊருக்குள் இருந்தால், கன்னிமார் ஏரிக்கரை மேலேயே இருப்பார்கள். கூரை கிடையாது. வேம்போ பனையோ நிழல் தரும். ஏழு கல், அல்லது ஏழு செங்கல். மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தால் பிராமி முதல் சாமுண்டி வரை எழுவரும் வந்துவிட்டதாக நம்பிக்கை. இந்த முறையின் பூசாரி பெரும்பாலும் கோயிலோடு தொடர்புடையவர் இல்லை. மடை திறந்து வயலுக்கு நீர் பாய்ச்சும் நீர்க்கட்டி, மீன் பிடிப்பவர், மாடு மேய்ப்பவர், நாற்று நடும் பெண்கள், இவர்கள்தான் பொங்கலிட்டுப் படைத்தார்கள். அவர்கள் கரை மேல் தினமும் நடப்பவர்கள். கரையில் எலி வளை விழுந்தாலும் மதகில் கசிவு தெரிந்தாலும் முதலில் காண்பவர்கள். கன்னிமாருக்கு விளக்கேற்றப் போகிறவர் கரையையும் பார்த்துவிட்டு வருவார். வழிபாடும் காவலும் இங்கே ஒரே வேலை.

ஏரி நிறைந்து கோடி போகும் நாளில் ஊரே கலங்கலுக்கு ஓடும். வழியும் நீருக்கு மஞ்சளும் பூவும் தூவி, தேங்காய் உடைத்து, ஆட்டுக்கிடா வெட்டிப் படைப்பது வட தமிழகக் கிராமங்களில் இன்றும் நடக்கிறது. மேட்டூரில் அணை திறக்கும்போது அமைச்சர்களும் அதிகாரிகளும் மலர் தூவி நீரை வழியனுப்புவது இந்தக் கோடிப் பூசையின் அரசாங்க வடிவம்.

நிறைவதில் மகிழ்ச்சி மட்டும் இல்லை, பயமும் உண்டு. மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் கோயில் கொண்டிருக்கிறார். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் செங்கற்பட்டுக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், ஆண்டுதோறும் உடையும் கரை அந்த முறை உடையாமல் நின்றால் தாயாருக்குச் சன்னிதி கட்டித் தருவதாகச் சொன்னார் என்பதும், பெருமழை இரவில் வில்லேந்திய இருவர் கரையில் காவல் நிற்கக் கண்டார் என்பதும் அவ்வூர் வழக்கு. திருநின்றவூரிலும் ஏரிக்கரையில் இதே பெயரோடு ராமர் நிற்கிறார். 2015 டிசம்பர் தொடக்கத்தில் செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டு அடையாற்றின் இரு கரையும் மூழ்கியதைப் பார்த்த நமக்கு, கரையைக் காக்கத் தெய்வத்தை நிறுத்திய முன்னோரின் கவலை புரியும்.

இருளர் முறை இந்த மரபுகளிலெல்லாம் மிகத் தொன்மையானது, மிகக் கண்டிப்பானதும் அதுவே என்பது என் கருத்து. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கற்பட்டு மாவட்டங்களில் ஏரிக்கரைகளிலும் வயலோரங்களிலும் வாழும் பழங்குடியினர் இருளர். அவர்களுடைய தெய்வம் கன்னியம்மா. அவள் கோபித்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்டாள் என்பது அவர்கள் சொல்லும் கதை. அவளைச் சமாதானப்படுத்தி அழைக்க, மாசி மகப் பௌர்ணமிக்கு மாமல்லபுரம் கடற்கரைக்குக் குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். மணலில் சேலையாலும் தார்ப்பாயாலும் குடில் போட்டுத் தங்குகிறார்கள். விடிவதற்கு முன் அலை தொடும் இடத்தில் ஈர மணலால் ஏழு படி கட்டி, பூவும் பழமும் வைத்து, கடலைப் பார்த்துக் கும்பிடுகிறார்கள். சாமி வந்து குறி சொல்லும். மொட்டை, காதுகுத்து, பெண் கேட்டல், கல்யாணம் எல்லாம் அந்த மணலிலேயே நடக்கும். நிலையான சிலை கிடையாது, கோபுரம் கிடையாது, உண்டியலும் கிடையாது. கட்டிய படிகளை அலை வந்து எடுத்துக்கொள்ளும். அடுத்த ஆண்டு மறுபடி கட்டுவார்கள். ஊரில் வசதியாக ஒரு கோயில் கட்டிக்கொண்டு கடலுக்குப் போவதை விட்டுவிடலாம் என்று அவர்கள் நினைக்கவில்லை. நீர் இருக்கும் இடத்துக்கு மக்கள் போகவேண்டும் என்ற விதியை இவ்வளவு தூய்மையாக வைத்திருப்பவர்கள் இவர்கள்.

ஆகமக் கோயில்களின் முறை எழுதப்பட்ட முறை. ஒவ்வொரு தலத்துக்கும் மூர்த்தி, தலமரம், தீர்த்தம் என்று மூன்றும் சொல்லப்படவேண்டும். சுந்தரர் பாடிய திருமுல்லைவாயிலும், சம்பந்தர் பாடிய திருவலிதாயம் என்னும் பாடியும், கூவம் ஆற்றங்கரைத் திருவேற்காடும் நம் வட்டாரத்துத் தேவாரத் தலங்கள். பிரம்மோற்சவத்தின் நிறைவில் தீர்த்தவாரி நடந்தாகவேண்டும், இறைவனே குளத்துக்கு எழுந்தருளி நீராடவேண்டும் என்பது விதி. தெப்பத் திருவிழாவும் அப்படியே. குளத்தில் நீர் இல்லையென்றால் தெப்பம் இல்லை. கூவம் ஊரிலேயே இருக்கும் திருவிற்கோலத்தில், பெருமழை வரும் காலத்தில் இறைவன் திருமேனி வெண்மை காட்டும் என்ற நம்பிக்கை உண்டு.

திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயில் குளத்துக்கு ஹிருத்தாபநாசினி என்று பெயர். அமாவாசைதோறும், அதிலும் தை அமாவாசைக்கு, கூட்டம் கூட்டமாக வந்து முன்னோருக்கு நீர்க்கடன் செய்து, குளத்தில் வெல்லம் கரைத்து, நோய் கரையவேண்டும் என்று வேண்டிக்கொள்வார்கள்.

காவிரி முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும், 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் வந்த பிறகு தஞ்சை, திருச்சி, சேலம் பக்கத்திலிருந்து குடும்பங்கள் வந்து குடியேறின. அவர்கள் ஆடிப்பெருக்கைக் கொண்டு வந்தார்கள். காதோலை கருகமணி, முளைப்பாரி, மஞ்சள் கயிறு, சித்திரான்னம் எல்லாம் வந்தன. காவிரி வரவில்லை. அடுக்கக வீட்டில் ஒரு செம்பு நீரில் மஞ்சள் போட்டுக் காவிரியாகப் பாவித்துக் கும்பிடுகிறார்கள். பிறந்த மண்ணின் ஆற்றை மறக்காத அந்த அன்புக்கு நான் தலை வணங்குகிறேன். அத்தோடு அருகிலிருக்கும் ஏரிக்கும் ஒரு பிடி பூவைக் கொண்டுபோனால் இந்த மண்ணும் அவர்களைத் தன் மக்களாக ஏற்கும்.

மழை தவறிய காலத்துக்கென்று தனி முறைகள் உண்டு. வைக்கோலால் கொடும்பாவி செய்து தெருவில் இழுத்துப் பெண்கள் ஒப்பாரி வைப்பது ஒன்று. வீடுதோறும் மழைக்கஞ்சி வாங்கி ஊர் கூடிக் குடிப்பது ஒன்று. பள்ளிவாசல் ஜமாஅத்தார் திடலில் கூடி மழைத் தொழுகை நடத்துவதும் நாம் கண்டதுதான். தொண்டை மண்டலத்தின் தனிச் சொத்து விராட பருவம். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படிக்கும் இந்த நாட்டில், விராட பருவத்தைப் படித்தாலோ தெருக்கூத்தாக ஆடினாலோ மழை வரும் என்பது உறுதியான நம்பிக்கை. அதற்காகவே வறண்ட ஆண்டுகளில் கூத்து ஜமாக்களை அழைப்பார்கள்.

2019 கோடையில் சென்னையின் ஏரிகள் காய்ந்து வெடித்தன. மழை வேண்டி வருண ஜபம் நடத்தவும், அமிர்தவர்ஷினி ராகம் வாசிக்கவும், சம்பந்தரின் மேகராகக் குறிஞ்சிப் பதிகம் ஓதவும் அறநிலையத்துறை கோயில்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் குடிநீர் வில்லிவாக்கத்துக்கு ரயிலில் வந்து சேர்ந்தது. அதே ஜூலையில் பூவிருந்தவல்லி நெடுஞ்சாலை வழியே லட்சக்கணக்கானோர் காஞ்சிபுரம் போய்க்கொண்டிருந்தார்கள். பூவிருந்தவல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பிகள் விசிறி வீசித் தொண்டு செய்த வரதர் கோயிலில், 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை அனந்தசரஸ் குளத்து நீருக்குள்ளிருந்து வெளிவரும் அத்தி வரதர் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் விழா கண்டுவிட்டு மீண்டும் நீருக்குள் போனார். தாகத்தையும் தெய்வத்தையும் ஒரே சாலையில் பார்த்த கோடை அது. அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் வழியில் வறண்டு கிடந்த ஏரிகளைத் திரும்பிப் பார்த்தார்கள் என்ற கேள்வி என்னை இன்னும் விடவில்லை.

ஏனென்றால் நம் மரபு தெய்வத்தையும் ஏரியையும் ஒரே கணக்கில் வைத்திருந்தது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலையால் ஏரி வாரியம் தேர்ந்தெடுக்கப்பட்டதைச் சொல்கின்றன. கணக்குக் காட்டாதவருக்கும் அவர் நெருங்கிய உறவினருக்கும் மறுபடி இடமில்லை என்று விதித்திருந்தார்கள். 18-ஆம் நூற்றாண்டில் செங்கற்பட்டுப் பகுதிக் கிராமங்களை ஆய்ந்த தாமஸ் பர்னார்டின் பதிவுகளைப் பார்த்தால், களத்து நெல்லில் கோயிலுக்கு ஒரு பங்கு, ஏரி மராமத்துக்கு ஒரு பங்கு என்று அளந்து ஒதுக்கியிருப்பது தெரிகிறது. ஒரே குவியலிலிருந்து சாமிக்கும் ஏரிக்கும் அளந்தார்கள்.

இந்தப் பெருமையோடு ஒரு கறையையும் சொல்லாமல் விடக்கூடாது. புனித நீர் என்று சொல்லப்பட்ட குளங்களிலும் கிணறுகளிலும் சேரி மக்கள் இறங்கத் தடை இருந்தது. இதே செங்கற்பட்டு மண்ணில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், பொதுச் சாலை, கிணறு, குளம் எல்லாருக்கும் உரியவை என்ற தீர்மானத்தைச் சென்னைச் சட்டமன்றத்தில் 1924-இல் கொண்டுவந்து நிறைவேற்றினார். அம்பேத்கர் மகாட் குளத்தில் இறங்கி நீர் அள்ளியது 1927-இல். ஒருவரைக் கரையில் நிறுத்திவிட்டு மொண்ட நீர் எந்தக் கரகத்துக்கும் ஆகாது. ஊர்க் கரகமும் காலனிக் கரகமும் ஒரே கரையில் ஜோடிக்கப்படும் ஊரைத்தான் நான் முறை தெரிந்த ஊர் என்பேன்.

இன்று நிலைமை என்ன? கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பதைத் தடுக்க அப்பகுதி மக்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போகவேண்டியிருந்தது. தாங்கல்கள் பல இன்று தெருப்பெயராக மட்டும் இருக்கின்றன. அதனால் கரகம் ஆழ்துளைக் கிணற்றடியில் ஜோடிக்கப்படுகிறது. கோயில் வாசலிலேயே பிளாஸ்டிக் தொட்டி நீரில் முடிந்துவிடுவதும் உண்டு. அம்மன் கோபிப்பாளா என்று என்னைக் கேட்டால், மரபின் சொந்த விதிப்படியே அந்தக் கரகம் குறையுள்ளது என்பேன். சக்தியை நீர்நிலையிலிருந்து அழைக்கவேண்டும் என்பதற்காகத்தானே கரகமே எடுக்கிறோம்?

வட அமெரிக்காவில் ஆனிஷினாபே பழங்குடியைச் சேர்ந்த ஜோசபின் மண்டாமின் என்ற பாட்டி, 2003-இல் செப்புக் குடத்தில் நீர் ஏந்திச் சுப்பீரியர் ஏரியைச் சுற்றி நடந்தார். அதன் பின் மற்றப் பெரிய ஏரிகளையும் சுற்றினார். நீரைக் காப்பது பெண்களின் கடமை என்பது அவர்கள் மரபு. அழுக்காகிவிட்ட ஏரியை விட்டு விலகாமல், அழுக்கான காரணத்தாலேயே அதை வலம் வந்தார் அவர். அந்தச் செப்புக் குடத்தைப் படத்தில் பார்த்தபோது எனக்கு நம் கரகம் நினைவுக்கு வந்தது. அவர் செய்ததை நம் ஊர்களாலும் செய்யமுடியும்.

ஆகவே இதைப் படிக்கும் விழாக் கமிட்டியாருக்கு என் வேண்டுகோள். உங்கள் ஊரில் பழைய காலத்தில் கரகம் ஜோடித்த கரை எது என்று மூத்த பெண்களையும் பூசாரியையும் கேட்டு எழுதி வையுங்கள். அந்தக் குளமோ தாங்கலோ இருக்கிறதா, ஆக்கிரமிப்பில் இருக்கிறதா, அதன் புல எண் என்ன என்று கிராமக் கணக்கில் பாருங்கள். ஆனி மாதத்துக்குள் ஆகாயத்தாமரையையும் குப்பையையும் அகற்றி, சாக்கடை விழும் வாயை அடைக்கச் சொல்லி மாநகராட்சிக்கும் நீர்வளத் துறைக்கும் ஊர்க் கையெழுத்தோடு மனுக் கொடுங்கள். அடுத்த ஆடி விழாவின் வரவு செலவில் பந்தலுக்கும் மின்விளக்குக்கும் முன்னால், முதல் வரியாக, ஏரிக்கென்று ஒரு தொகையை எழுதுங்கள்.